குப்புறப் படுத்த சுவர்

போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கட்டுமான நிறுவனம் ஒன்றில் பொறியாளராம். வடையைப் பிட்டுக்கொண்டே தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். இப்போதெல்லாம் முழு அறையையே தொழிற்கூடத்தில் செய்துவிடுகிறார்களாம். ஓடு பதித்து, குழாய் மாட்டி, ஜன்னலும் பூட்டி லாரியில் கொண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வீடு தயார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் ரொம்பப் புதுசு ஆன்ட்டி. உங்க காலத்துல நினைச்சே பார்த்திருக்க மாட்டீங்க லா," என்று முடித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "நினைச்செல்லாம் பார்க்கலம்மா. செஞ்சோம். அறையா இல்ல, சுவர் சுவரா செஞ்சோம்," என்றேன். அதற்குப் பிறகு அவளை நிம்மதியாகச் சாப்பிட விட்டேனா என்பது சந்தேகம்தான். கிளம்பும்போது, "இதையெல்லாம் எழுதிக் குடுங்க ஆன்ட்டி, எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாள். நான் பிடித்துக்கொண்டேன்.

என் பெயர் மரியபுஷ்பம். வேலை செய்த இடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் ஆன்ட்டிதான். எண்பதுகள் பிறந்த புதிதில், இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் புதிதாகத் திறந்த யார்டு ஒன்றில் கம்பி கட்டப் போனேன். அடுக்குமாடி வீடுகளுக்கான சுவர்களைத் தரையிலேயே வார்த்து அனுப்பும் இடம் அது. அதற்கு முன் ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். பாத்திரம் கழுவப் போனதற்குக் காரணம் என் கணவரின் கால்.

என் கணவர் ஆரோக்கியசாமி தச்சர். கட்டடத்தில் கான்கிரீட் ஊற்றுமுன் தூணுக்கும் சுவருக்கும் மரப்பலகையால் அடைப்பு அடிப்பார்களே, அந்த வேலை. கெட்டிக்காரர். அதை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார் என்பதுதான் ஒரே குறை. எழுபதுகளின் நடுவில் தஞ்சோங் பகாரில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம், ஈரப் பலகையில் காலை வைத்தவர் சாரத்திலிருந்து சறுக்கிக் கீழே இருந்த மணல்மேல் விழுந்தார். மணலாக இருந்ததால் உயிர் மிஞ்சியது. வலது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. கட்டட வேலை என்றால் ஏற வேண்டும், அவரால் ஏற முடியாது. "பேர்ல மட்டும்தான் எனக்கு ஆரோக்கியம்," என்று முதலில் அவரே சொல்லிச் சிரிப்பார். போகப்போக அந்தச் சிரிப்பும் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே உயரும் கட்டடங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிவிடுவார். எங்கள் மகன் தாமஸ் அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்தான். அவன் ஒரு நாள், "அப்பா என்ன வேலைன்னு டீச்சர் கேட்டாங்க, என்ன சொல்லட்டும்?" என்று அவர் காதுபடவே என்னிடம் கேட்டான். அன்று அவர் சாப்பிடவில்லை.

யார்டில் என்னை வேலைக்கு எடுத்தவர் மிஸ்டர் லிம். அங்கே அவர்தான் தலைமை. அவருக்குத் தமிழ் தெரியாது. சந்தையில் பேசுகிற பாசார் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேச்சு. அவர் சொன்னதையெல்லாம் இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன். என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பி கட்டத் தெரியுமா?" என்றார். "கோயிலுக்குப் பூ கட்டுவேன். இதையும் கட்டுறேன்," என்றேன். அவருக்குப் பாதி புரிந்ததோ என்னவோ, சிரித்துவிட்டு மறுநாளே வரச் சொன்னார். வேலை பழகியதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. விரலெல்லாம் கிழிந்தது, பிறகு தோல் தடித்தது, அவ்வளவுதான்.

வேலை கொஞ்சம் பிடிபட்டதும் தயங்கித் தயங்கி என் கணவரைப் பற்றிச் சொன்னேன். நல்ல தச்சர், ஆனால் காலில் அடிபட்டவர், ஏற முடியாது என்றேன்.

"இங்க யாரு ஏறப் போறா? எல்லாம் தரையிலதானே," என்றார் மிஸ்டர் லிம்.

தொழிற்கூடத்தில் வீடு செய்வதால் என்ன நன்மை என்று அந்தப் பொறியாளர் பெண் நிறைய அடுக்கினாள். சீக்கிரம் முடியுமாம், மரம் வீணாகாதாம், தூசி குறைவாம், சுவர் நேராக இருக்குமாம். எல்லாம் உண்மைதான், நானே கண்ணால் பார்த்தவள். எனக்கு அதில் முதல் நன்மை மிஸ்டர் லிம் சொன்ன அந்த வார்த்தைதான். வானத்தில் தொங்கிக்கொண்டு செய்த வேலையை அவர்கள் தரைக்கு இறக்கினார்கள். அதனால் என் வீட்டுக்காரர் மறுபடியும் விடிகாலையில் எழுந்து முகம் மழித்தார்.

சுவர் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கட்டில்போல இரும்பில் ஒரு மேசை இருக்கும். அதன் நான்கு பக்கமும் இரும்புச் சட்டம், போல்ட்டு போட்டு முடுக்கியது. இதுதான் அச்சு. ஜன்னல் வரவேண்டிய இடத்தில் இரும்புப் பெட்டி ஒன்றைப் பூட்டுவார்கள். கான்கிரீட் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகும், பெட்டி இருந்த இடம் ஜன்னலாகும். குழாய்க்கும் மின்கம்பிக்கும் துளை விடவும் இப்படித்தான் சின்னச் சின்ன அடைப்புகள் உண்டு. இவற்றைப் பூட்டுவதும் கழற்றுவதும் என் கணவரின் பொறுப்பு. அச்சுக்கு எண்ணெய் தடவியதும், நானும் ஃபாத்திமாவும் கட்டி வைத்த கம்பி வலையை உள்ளே இறக்குவோம். ஃபாத்திமா என் ஜோடி, மலாய்க்காரி, வாய் ஓயாது, கையும் ஓயாது. வலை அச்சின் அடியைத் தொடாமல் இருக்க அடியில் சின்னச் சிமெண்டுக் கட்டைகளைக் கொடுப்போம். ஜன்னல் மூலைகளில் குறுக்காக ஒரு கம்பி கட்டாயம். அது இல்லாவிட்டால் அந்த மூலையில்தான் முதல் விரிசல் வரும். பிறகு கான்கிரீட் ஊற்றி, அதிர்வூட்டிக் காற்றை வெளியேற்றி, மேலே கரண்டியால் இழைத்து மூடிவிடுவோம். மறுநாள் காலையில் கிரேன் வந்து சுவரை நிமிர்த்தித் தூக்கும்.

அந்த நிமிர்த்தலை மிஸ்டர் லிம் ஒரு நாளும் பார்க்காமல் இருந்ததில்லை. ஒல்லியான மனிதர், எப்போதும் பை வைத்த வெள்ளை அரைக்கைச் சட்டை. சுவர் நிமிர்ந்ததும் பக்கத்தில் போய்க் காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையை வைப்பார். திருப்தியானால் சுண்ணக்கட்டியால் மூலையில் கையெழுத்துப் போடுவார். கத்த மாட்டார். கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடப்பார். அதைவிடக் கத்தியிருந்தாலே தேவலை என்று எங்களுக்குத் தோன்றும். எங்களிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ், "பசியாறியாச்சா?" காலைச் சாப்பாட்டுக்குக் கேட்கிற அதையும் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்பார்.

மழை வந்தால் கட்டடம் எழும்பும் சைட்டில் வேலை நின்றுவிடும். எங்களுக்குத் தலைக்குமேல் கூரை. வெளியே கொட்டும், உள்ளே நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே கம்பி கட்டுவோம். "தீப்பெட்டி மாதிரி வீடு செய்றீங்க, எல்லாம் ஒரே மாதிரி," என்று கோயிலில் ஒருவர் என்னிடம் நக்கலடித்தார். "தீப்பெட்டியில அண்ணன் குடியிருந்து பார்த்திருக்கீங்களா? ஒண்ணு நனைஞ்சாலும் இன்னொண்ணு எரியும்," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனால் அதோடு அவர் அடங்கினார். குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு சுவர் சேரும் இடுக்கில் ஆரம்பத்தில் மழைநீர் கசிந்தது, அதைச் சரிசெய்யப் பட்ட பாடு தனி.

இனி ஒரு குசினிச் சுவருக்கு, அதாவது சமையலறைச் சுவருக்கு வருகிறேன்.

முதலில் எங்களுக்கு வந்தவை படுக்கையறைச் சுவர்கள். ஜன்னல் நட்டநடுவில் இருக்கும், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். அடுத்து வந்தது குசினிச் சுவர். அதில் ஜன்னல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், மறுபக்கம் அடுப்புக்கு. வரைபடத்தைப் பார்த்து என் கணவர் பெட்டியையும் அடைப்புகளையும் புது இடத்தில் பூட்டி அச்சைத் திருப்பி அமைத்தார். தாளில் ஜன்னல் இடப்பக்கம் இருந்தது. அவரும் இடப்பக்கம் பூட்டினார். குழாய்த் துளை, அடியில் கம்பி நுழையும் துளை எல்லாமே தாளில் இருந்தபடி. ஒருவர் டேப் பிடித்து அளந்தார், நூல் பிசகவில்லை. நான் கம்பி கட்டினேன். மிஸ்டர் லிம் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்துக்கும் மேலாகத் தினம் ஒரு சுவர் வார்த்து, நிற்கவைத்து, யீஷூன் பக்கம் இருந்த சைட்டுக்கு அனுப்பினோம்.

சைட்டிலிருந்து தொலைபேசி வந்தது. கிரேன் முதல் சுவரை இறக்கியிருக்கிறது. தளத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் சுவரின் துளைகளில் நுழையவில்லை. என்ன என்று பார்த்தால் ஜன்னலே எதிர்ப்பக்கம் இருக்கிறது. அடுப்பு வைக்கிற இடத்தில் ஜன்னல்.

மிஸ்டர் லிம் தொலைபேசியை வைத்துவிட்டு அச்சிடம் வந்தார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். அச்சைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். திடீரென்று சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். ஃபாத்திமா என் கையைக் கிள்ளினாள். மனிதர் அத்தனை பேர் முன்னாலும் பனியனோடு நின்று, சட்டையை அச்சின்மேல் முன்பக்கம் கீழே இருக்கும்படி குப்புற விரித்தார்.

"பை எங்க இருக்கு?" என்றார்.

அவர் போட்டிருந்தபோது எங்களுக்கு எதிரே வலப்பக்கம் தெரிந்த பை, இப்போது சட்டைக்கு அடியில் இடப்பக்கம் போயிருந்தது. எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. வரைபடம், கட்டடத்துக்கு வெளியே நின்று பார்ப்பவனின் கண்ணுக்கு வரைந்தது. எங்கள் சுவரோ, வெளிமுகம் வழுவழுப்பாக வரவேண்டும் என்பதற்காக அச்சில் குப்புறப் படுத்திருக்கிறது. மேலிருந்து நாங்கள் பார்ப்பது அதன் முதுகை. தாளில் இடம் என்றால் அச்சில் வலம். என் கணவர் அத்தனை வருடமும் நிமிர்ந்து நின்ற சுவருக்கு வெளியே நின்று பலகை அடித்தவர். தாளில் இடம் என்றால் அவர் கைக்கும் இடம்தான். புதிதாகப் பழகியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார். கை தேர்ந்தவர் என்பதால் யோசிக்கவில்லை.

அவர் காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஸார், அச்சைத் திருப்பினது நான்தான்."

"தெரியும். கையெழுத்துப் போட்டது நான்," என்றார் மிஸ்டர் லிம். சட்டையை உதறி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆன்ட்டி, என்கூட சைட்டுக்கு வாங்க. கம்பி எங்க இருக்குன்னு கேட்பாங்க."

சைட் மேனேஜர் பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். வாழ்நாள் முழுக்கப் பலகை அடித்துக் கட்டிய கூட்டத்தைச் சேர்ந்தவர். யார்டிலிருந்து வரும் சுவர் என்றாலே அவருக்கு முகம் கோணும். அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது தப்பாக வந்தாலும் உடை, பூசு, பெயிண்ட் அடி.

"இந்த ஓட்டையை அடை, அந்தப் பக்கம் உடைச்சு ஜன்னல் வை. பூசிட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்.

மிஸ்டர் லிம் என் பக்கம் திரும்பினார். "ஆன்ட்டி, அந்தப் பக்கம் உடைச்சா என்ன வரும்?" அவருக்குத் தெரியாததில்லை. நான் சொல்லட்டும் என்று நினைத்தார் போலும். சுவரில் கையை வைத்துக் காட்டினேன். இங்கே தடித்த கம்பி, அதை இங்கே கொக்கியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம், வெட்டினால் பிடிப்புப் போய்விடும் என்றேன்.

"இந்த இடத்துல நின்னு ஒரு அம்மா சோறு ஆக்கப் போறாங்க. நான் உடைக்க விடமாட்டேன்," என்றார் மிஸ்டர் லிம்.

"அப்போ எல்லாத்தையும் திரும்ப எடுத்துட்டுப் போ! நான் பழையபடி பலகை அடிச்சுக்கிறேன். உங்க சுவர் எதுக்கும் உதவாதுன்னு மேலே சொல்லிடறேன்."

மேலே அப்படிச் சொன்னால் யார்டை மூடுவார்கள். எனக்கென்ன, பாத்திரம் கழுவப் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் எங்கே போவார்? மறுபடியும் அந்த ஜன்னலோரம்தான். கடவுளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மிஸ்டர் லிம்மின் வாயையே பார்த்தேன்.

அவர் நிதானமாக, மாடி முழுவதற்குமான வரைபடத்தைக் கேட்டார். விரித்து, விரலை ஓட்டினார். நடுவில் மின்தூக்கி, அதற்கு இரண்டு பக்கமும் வீடுகள். ஒரு பக்கத்து வீட்டை அப்படியே கண்ணாடியில் பார்த்ததுபோல மறுபக்கத்து வீடு. அங்கே குசினி ஜன்னல் எதிர்ப்பக்கம்.

"அந்தப் பக்கத்துக்கு இதே சுவர்தானே வேணும்? கிரேன் ரெண்டு பக்கமும் எட்டும். முதல்ல அதை ஏத்துங்க. இந்தப் பக்கத்துச் சுவரை நான் பின்னாடியே கொண்டு வர்றேன்."

"என் வேலையை உன் யார்டுக்காக நான் மாத்தணுமா?"

"ஒரே ஒரு சுவர். வச்சுப் பாருங்க. பொருந்தலைன்னா எல்லாத்தையும் நானே எடுத்துட்டுப் போறேன்."

தூறல் போட ஆரம்பித்தது. சாரத்தில் நின்ற தச்சர்கள் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார்கள். ஈரப் பலகையில் வைக்கிற ஒவ்வொரு காலையும் என்னால் பார்க்க முடியவில்லை. மேனேஜரும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் தரைக்கு வந்த பிறகு கிரேன்காரருக்குக் கையைக் காட்டினார்.

சுவர் மேலே போய், அசைந்து, மறுபக்கம் இறங்கியது. மேலே நின்ற இருவர் கையால் தள்ளி நேர்ப்படுத்தினார்கள். கம்பிகள் துளைகளில் நுழைந்தன. சாய்வுத் தாங்கியை முடுக்கினார்கள். சுவர் நின்றது. என் வீட்டுக்காரர் தப்பைக்கூட அரைகுறையாகச் செய்யவில்லை. அடிமுதல் நுனிவரை ஒழுங்காகத் தப்புச் செய்திருந்ததால் மறுபக்கத்துக்கு அது கச்சிதமாக இருந்தது. பலகை அடித்துக் கட்டியிருந்தால் இது நடக்குமா? இடித்துத்தான் தள்ளியிருப்பார்கள். மேனேஜர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, "அடுத்ததை ஏத்து," என்றார். அழுகையை அடக்க நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓடோடி வந்து சொன்னேன். என் கணவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என் தப்பை மூட எல்லாரும் சேர்ந்து பாடுபட்டிருக்கீங்க," என்றார். "அன்னைக்கு உயரத்துல இருந்து விழுந்தேன், ஊரே பாவம்னுச்சு. இன்னைக்குத் தரையில நின்னுகிட்டே விழுந்துட்டேன். இனிமே நான் வரல புஷ்பம்."

கெஞ்சினேன், திட்டினேன். "உங்களுக்கு ரோஷம்தான் பெருசு," என்று கத்தினேன். தாமஸ் பயந்து புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். மறுநாள் நான் கிளம்பும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பகீரென்றது. இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

குசினிச் சுவரின் அச்சு மட்டும் சும்மா கிடந்தது. அதைச் சரியான பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். நான் செய்கிறேன் என்று இரண்டு பேர் முன்வந்தார்கள். மிஸ்டர் லிம், "பொறுங்க," என்று மட்டும் சொன்னார். சாயங்காலமானால் என்னிடம், "அங்கிள் எப்படி?" என்பார். "கால்வலி ஸார்," என்பேன். "ஓ, கால்," என்று தலையாட்டுவார். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். சைட்டிலிருந்து அந்தச் சுவரைக் கேட்டுத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அச்சை நானே திருப்பறேன்னு அங்கிள்கிட்ட சொல்லுங்க. வந்தா வரட்டும், வராட்டி பரவாயில்ல."

வீட்டில் சொன்னேன். அவர் முதல் தடவையாக ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"அவரா? பென்சில் பிடிச்ச கை அது. போல்ட்டு மரையைத் தேய்ச்சு வைக்கப் போறாரு."

"தேய்ச்சா தேய்க்கட்டும், உங்களுக்கென்ன?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் முதல் பேருந்தில் போய்விட்டேன். எல்லோரும் வந்து கூடிய நேரத்துக்கு என் கணவர் வந்தார். முகம் மழித்திருந்தார். மிஸ்டர் லிம் கையெல்லாம் எண்ணெயோடு ஸ்பானரைப் பிடித்து அச்சருகே நின்றார். இவர் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. காலை இழுத்துக்கொண்டு அச்சை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார். ஜன்னல் பெட்டியிடம் வந்ததும் நின்றார்.

"ஸார், எந்தப் பக்கத்து வீட்டுக்கு இது?"

"இந்தப் பக்கம். சைட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்களே, அதுதான்."

"அப்போ ஜன்னல் தப்பு."

"என்ன தப்பு? தாளைப் பாருங்க, இடப்பக்கம்தானே போட்டிருக்கு," என்றார் மிஸ்டர் லிம்.

என் கணவர் தன் சட்டையைக் கழற்றினார். கழற்றி, அச்சின்மேல் குப்புற விரித்து, "இப்போ பாருங்க ஸார், பை எங்க இருக்கு?" என்றார்.

மிஸ்டர் லிம் சட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். எண்ணெய் நெற்றியெல்லாம் அப்பிக்கொண்டது. யார்டே சிரித்தது. ஃபாத்திமா சிரித்துச் சிரித்துக் கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். என் கணவரும் சிரித்தார். எத்தனை நாளுக்குப் பிறகு!

"குடுங்க ஸார், ஸ்பானரை. இது சட்டை போட்டுப் பார்த்துச் செய்ற வேலை," என்று வாங்கிக்கொண்டார்.

அது எங்கள் யார்டின் வழக்கமாகவே ஆகிப்போனது. எந்த அச்சைத் திருப்பினாலும் முதலில் யாராவது ஒருவர் சட்டையைக் கழற்றிக் குப்புறப் போட்டுப் பார்த்தாக வேண்டும். "சட்டை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கம்பியை இறக்குவோம். புதிதாக வந்த பொறியாளர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் கழற்றினார்கள். ஒரு குசினிச் சுவர்கூட அதற்குப்பின் எதிர்ப்பக்கமாகப் போகவில்லை. என் கணவர் அச்சுப் பிரிவை மேற்பார்க்கும் மண்டோர் ஆனார். தாமஸ் பள்ளியில், அப்பா வீடு செய்கிறார் என்று சொன்னான். அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் அவர் மாடிகளைக் காட்டி, இது நம்முடையது, அது நம்முடையது என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் எங்களைப் பெரிய பணக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமைக் கதையை அவர் சொல்லாத இடமில்லை. கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா, எங்கே நாலு பேர் கூடினாலும் ஆரம்பித்துவிடுவார். "எங்க லிம் ஸார் எவ்வளவு பெரிய ஆளு தெரியுமா? அவரே ஒரு நாள் தப்பாத் திருப்பிட்டாரு. நான்தான் பார்த்துச் சொன்னேன். யாருக்கும் வர்ற தப்புதான் அது," என்பார். அந்தக் கடைசி வரியை ஒரு தடவைகூட விட்டதில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது அவர் இல்லை, அதனால் எழுதுகிறேன். அன்று முதல் பேருந்தில் நான் போனபோது யார்டில் மிஸ்டர் லிம் மட்டும்தான் இருந்தார். அச்சைத் திருப்பி முடித்திருந்தார். கம்பி கட்டுகிறவள் என்பதால் நானும் சுற்றிப் பார்த்தேன். ஜன்னல் பெட்டி வலப்பக்கம் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. "சரியா இருக்கு ஸார்," என்றேன். "நல்லாப் பார்த்தீங்களா?" என்றார். "நல்லாப் பார்த்தேன்." உடனே அவர் குனிந்து, முடுக்கிய போல்ட்டுகளை மறுபடியும் கழற்ற ஆரம்பித்தார். பெட்டியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்ற, ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "ஆன்ட்டி, போய்க் கம்பி கட்டுங்க," என்றார்.

என் கணவர் இறந்தபோது உடலை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தோம். மிஸ்டர் லிம் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். பெட்டியருகே வெகுநேரம் நின்றார். பிறகு தாமஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கப்பா ஒரு தடவை என்னைப் பெரிய தப்புல இருந்து காப்பாத்தினாரு. அவர் பார்த்துச் சொல்லலைன்னா அன்னைக்கு என் மானம் போயிருக்கும்."

தாமஸ் அழுதுகொண்டே, "தெரியும் அங்கிள், அப்பா சொல்லியிருக்காரு," என்றான். நான் மிஸ்டர் லிம்மைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.